சிலையின் முதுகையும் பாருங்கள்: தஞ்சைக் கலைக்கூடத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

பெரிய கோயிலைப் பார்த்த கையோடு அரண்மனைக்குள் நுழைந்து, கலைக்கூடத்தை இருபது நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, வாசலில் இளநீர் குடித்து, கும்பகோணம் பஸ் பிடிக்கிறவர்கள்தான் அதிகம். "நிறைய சிலை இருக்கு" என்பதற்கு மேல் அவர்கள் மனதில் எதுவும் தங்குவதில்லை. அது அவர்கள் குறை அல்ல. கோயிலுக்குள் எப்படிப் போக வேண்டும் என்று நமக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிடுகிறது: கொடிமரம், பலிபீடம், நந்தி, சந்நிதி, பிராகாரம். கலைக்கூடத்தில் எங்கே நிற்பது, எதை முதலில் பார்ப்பது என்று வீட்டிலும் பள்ளியிலும் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒரே ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டால் போதும். எந்தப் பொருளின் முன்னால் நின்றாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இது முதலில் எங்கே இருந்தது? யார், எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பதற்காகச் செய்தார்கள்? எப்படிச் செய்தார்கள்? ஆயிரம் வருடத்துச் செப்புத் திருமேனிக்கும் போன வருடம் வரைந்த படத்துக்கும் இந்த மூன்றும் பொருந்தும். டெல்டாக்காரர்களுக்கு இதில் பெரிய வசதி ஒன்று உண்டு: முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும் ஒரு பஸ் பயணத் தூரத்திலேயே இருக்கிறது.

போவதற்கு முன்

கலைக்கூடம் அரண்மனை வளாகத்துக்குள் இருக்கிறது. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போகலாம். வெளியூர் பஸ்கள் பல ஊருக்கு வெளியே உள்ள புதிய பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும். அங்கிருந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ் அடிக்கடி வருகிறது. ரயிலில் வருகிறவர்கள் ஆட்டோ பிடித்தால் சில நிமிடம்தான். ஆட்டோக்காரரிடம் "அரண்மனை" என்று சொல்லுங்கள். "மியூசியம்" என்றால் வேறு இடத்தில் கொண்டு விட்டுவிடலாம். பழைய கலெக்டர் ஆபீஸ் கட்டடத்தில் ஒரு அருங்காட்சியகமும், 1995 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி எழுந்த ராஜராஜன் மணிமண்டபத்தில் இன்னொன்றும் இருக்கின்றன.

அரண்மனையைத் தொடங்கியவர்கள் நாயக்கர்கள். 1676 முதல் தஞ்சையை ஆண்ட மராத்தியர்கள் அதை விரிவாக்கினார்கள். இன்று ஒரே மதிலுக்குள் கலைக்கூடம், சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம், மராத்தா தர்பார் என்று தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன. டிக்கெட்டும் தனித்தனிதான். முதலில் கண்ணில் படும் கவுன்டரில் ஒரு டிக்கெட் எடுத்துவிட்டு, அதுவே எல்லாவற்றுக்கும் செல்லும் என்று நினைத்து உள்ளே போய் மாட்டிக்கொள்வது இங்கே தினமும் நடக்கிறது. "இது கலைக்கூடத்துக்கா?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். படம் எடுக்கலாமா, கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா, மொபைலுக்கு என்ன விதி என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். சில்லறை வைத்திருங்கள்.

நேரம்தான் அதிகம் சொதப்பும் விஷயம். மதிய இடைவேளையும் வார விடுமுறையும் பகுதிக்குப் பகுதி வேறுபடலாம். முந்தின நாளே விசாரித்துவிட்டு, காலையில் திறக்கும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள். பன்னிரண்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தால், பார்க்கத் தொடங்கும்போது "மூடணும், வாங்க" என்ற குரல் கேட்கும். சித்திரை, வைகாசி வெயிலில் மதியம் பெரிய மண்டபங்களில் நிற்பதே சிரமம். மார்கழியிலிருந்து மாசி வரை நல்ல காலம். ஆனால் பொங்கல் விடுமுறையில் கூட்டம் நெருக்கும். அந்த நான்கு நாட்களைத் தவிர்க்கலாம்.

கலைக்கூடத்துக்கு மட்டும் இரண்டரை மணி நேரம் வையுங்கள். கையில் தண்ணீர் பாட்டில், சின்ன நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், மை தெறித்தால் கல்லிலும் துணியிலும் போகாது. வாசிப்புக் கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் எடுத்துப் போங்கள். குறிப்பு அட்டைகளின் எழுத்து சின்னது.

முதல் சுற்று: எங்கும் நிற்காதீர்கள்

உள்ளே போனதும் முதல் சிலையிலேயே நின்றுவிடுவது இயல்பு. அப்படி நின்றால் முதல் பத்துச் சிலைகளில் கண்ணின் தெம்பு தீர்ந்துவிடும். கடைசியில் இருக்கும் மிக நல்ல சிலைகளைக் களைத்த கண்ணோடு கடந்து போவீர்கள். ஆகவே முதலில் இருபது நிமிடம் வெறுமனே நடங்கள். கருங்கல் சிலைகள் எங்கே, செப்புத் திருமேனிகள் எந்த மண்டபம், நாயக்கர் தர்பார் மண்டபம் எது என்று மனதில் ஒரு வரைபடம் விழட்டும். நாயக்கர் தர்பாரில் கைகூப்பி நிற்கும் இரண்டாம் சரபோஜியின் வெள்ளைச் சலவைக்கல் உருவத்தைப் பார்ப்பீர்கள். அவர் 1798 முதல் 1832 வரை இருந்த மன்னர். இந்த வளாகத்தில் அவர் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்பீர்கள்.

நடக்கும்போது உங்களை இழுத்த சிலைகளை நோட்டில் குறியுங்கள்: "மூலையில், யானைத்தோல்", "கல்யாணக் கோலம், நாலு பேர்". எட்டு அல்லது பத்து போதும். இரண்டாவது சுற்றில் அவற்றை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். மற்றதெல்லாம் அடுத்த முறைக்கு. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற பதற்றம் கல்யாண விருந்தில் எல்லாப் பதார்த்தத்தையும் ஒரே வாயில் போடுவது போலத்தான்.

செப்புத் திருமேனி: பீடத்திலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் முகத்திலிருந்து தொடங்குகிறார்கள். நீங்கள் பீடத்திலிருந்து தொடங்குங்கள். பீடத்தின் ஓரங்களில் துளைகளோ வளையங்களோ இருக்கும். பல்லக்கிலும் சப்பரத்திலும் வைத்துக் கட்டித் தூக்குவதற்கானவை அவை. மேற்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முளைகள் திருவாசியைப் பொருத்த. இந்த ஒரு விவரத்திலேயே முதல் இரண்டு கேள்விக்கும் விடை வந்துவிடுகிறது: இவர் உற்சவர். கருவறையில் அசையாமல் இருந்தவர் அல்லர், வீதிக்கு வந்தவர். பார்த்தவர்கள் தெருவில் நின்றவர்கள். அவர் தோள்களின் மேல் போனார், அவர்கள் கீழிருந்து அண்ணாந்தார்கள்.

அதனால் குனியுங்கள். முட்டி ஒத்துழைத்தால் உட்காருங்கள். உங்கள் கண் சிலையின் முழங்கால் மட்டத்துக்கு வரும்போது, நின்றபடி பார்த்தால் சற்றுத் தாழ்ந்தும் தட்டையாகவும் தெரிந்த முகம் உங்களை நோக்கிக் குனிவதைக் காண்பீர்கள். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் யோசனைகளில் மிக உடனடியாகப் பலன் தருவது இதுதான்.

அடுத்து, பக்கவாட்டுக்கும் பின்னுக்கும் போங்கள். கண்ணாடிப் பெட்டி சுவரை ஒட்டி இருந்தால் ஓரத்திலிருந்தாவது எட்டிப் பாருங்கள். தலைக்குப் பின்னால் சக்கரம் போல ஒன்று இருக்கும், சிரச்சக்கரம் என்பார்கள். அதற்குக் கீழே சுருள் சுருளாகத் தோளில் இறங்கும் முடி, முதுகில் ஓடும் பூணூல், இடுப்பில் துணி மடிந்து முடிச்சாக விழுவது. கோயிலில் இருந்தபோது இதில் எதுவுமே யாருக்கும் தெரிந்திருக்காது. பட்டும் மாலையும் சாத்திய பிறகு முகமும் கைகளும் மட்டும்தான் வெளியே. திருமஞ்சனம் செய்கிற குருக்கள் மட்டும் பார்க்கிற முதுகை அந்த ஸ்தபதி முகத்துக்கு இணையான கவனத்தோடு செய்திருக்கிறார்.

பிறகு கைகள். அபயம், வரதம் இரண்டும் எல்லோருக்கும் தெரியும். அம்மன் சிலைகளில் ஒரு கை பூப் பிடிப்பது போல விரல்கள் கூடி இருக்கும். அது கடக முத்திரை. தினமும் அதில் புதுப் பூ வைப்பார்கள். இன்னொரு கை யானைத் துதிக்கை போலத் தளர்ந்து தொங்கும். தலை அலங்காரத்தைப் பாருங்கள்: சடாமகுடம் என்றால் சிவன் பக்கம், உயர்ந்த உருளை போன்ற கிரீடமகுடம் என்றால் திருமால் பக்கம், பானை அடுக்கியது போல ஏறும் கரண்டமகுடம் பெரும்பாலும் அம்மன்களுக்கும் முருகனுக்கும். இந்த மூன்றை மட்டும் நினைவில் வைத்தாலே பாதிச் சிலைகளைக் குறிப்பு அட்டை பார்க்காமல் அடையாளம் சொல்லிவிடலாம்.

கடைசியாகத்தான் முகம். மூக்கும் கண்ணும் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் அந்தத் திருமேனி நெடுங்காலம் பூஜையில் இருந்திருக்கிறது: அபிஷேகமும், புளி போட்டுத் துலக்குவதும், துடைப்பதும் சேர்ந்து தேய்த்தது. முகம் கூர்மையாக இருந்து உடம்பில் பச்சை படர்ந்திருந்தால் மண்ணுக்குள் கிடந்திருக்கலாம். படையெடுப்புக் காலங்களில் திருமேனிகளைக் கோயில் வளாகத்திலேயே புதைத்துக் காத்தார்கள். புதைத்த இடம் தெரிந்தவர்கள் போய்ச் சேர்ந்தபின் அவை அங்கேயே தங்கிவிட்டன. இன்றும் டெல்டாவில் கால்வாய் வெட்டும்போதும் அஸ்திவாரம் தோண்டும்போதும் சிலைகள் கிடைக்கின்றன. அப்படிக் கிடைப்பதை 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அரசிடம் தெரிவிக்க வேண்டும்; விஏஓ, தாசில்தார் வழியாகச் சொன்னால் போதும்.

தவறவிடவே கூடாத இரண்டு

சீர்காழிக்குப் பக்கத்தில் உள்ள திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன். முடியைப் பாம்புகளோடு சேர்த்துத் தலைப்பாகை போலச் சுருட்டி, ஒரு காலைக் குறுக்கே வைத்து, ஒரு கையை எதன்மேலோ சாய்த்திருக்கிறார். அந்த 'எதன்மேலோ' காளை, காளை கிடைக்கவில்லை. புதிதாகப் பார்க்கிறவர்கள் அந்தக் கை ஏன் அந்தரத்தில் நிற்கிறது என்று குழம்புவார்கள். காளையை நீங்களே மனதில் நிறுத்துங்கள். உடம்பின் சாய்வு உடனே பொருள்படும். இந்தத் திருமேனி 1011ஐச் சேர்ந்தது என்று திருவெண்காட்டுக் கல்வெட்டைக் கொண்டு சொல்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் உமை அடுத்த ஆண்டு, 1012. சோழர் செப்புத் திருமேனிகளில் இவ்வளவு துல்லியமாக ஆண்டு தெரிந்தவை அபூர்வம். அதனால் மற்றச் சிலைகளின் காலத்தைக் கணிக்கவும் இவை அளவுகோலாகின்றன.

இன்னொன்று, அதே ஊரிலிருந்து வந்த கல்யாணசுந்தரர் தொகுதி. சிவன் மாப்பிள்ளை, உமை மணப்பெண். திருமாலும் லட்சுமியும் பெண்வீட்டார். உமையின் தலை எந்த அளவுக்குக் குனிந்திருக்கிறது, லட்சுமி அவளை எப்படி முன்னுக்கு அனுப்புகிறாள் என்று பாருங்கள். தனித்தனியாகப் பார்க்காமல், நான்கு பேரும் ஒருசேரக் கண்ணில் விழும் தூரத்துக்குப் பின்வாங்கிப் பாருங்கள். நம் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் தாரைவார்க்கும் படம் ஒன்று கட்டாயம் இருக்கும். அதே தயக்கம், அதே நெருக்கம் இங்கே உலோகத்தில் இருக்கிறது.

ஓரளவு பழகிய பிறகு காலத்தை ஊகிக்கவும் முயலலாம். பத்து, பதினோராம் நூற்றாண்டுச் சிலைகளில் பொதுவாக உடம்பு இளகியிருக்கும். நகை தோலோடு ஒட்டியிருக்கும். பிற்காலம் நோக்கி வர வர மூக்கு கூர்மையாகும், முழங்கால் முட்டு துருத்தும், நகை தனியாக எழுந்து நிற்கும். இது போக்குதான், விதி அல்ல. ஊகித்துவிட்டு அட்டையைப் பாருங்கள்; பத்தில் ஆறு சரியாக வந்தால் நன்றாகவே பார்க்கிறீர்கள்.

கல்: வெளிச்சம் முக்கியம்

கருங்கல் சிலைகளில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலிலிருந்து வந்தவை மிகச் சிறந்தவை. அந்தக் கோயில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது. பிச்சையேற்கும் கோலத்துச் சிவனான பிட்சாடனரும் அவரைப் பார்த்து நிலை மறந்த முனிபத்தினிகளும் ஒரு தொகுதி. ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதமாகத் தன்னை மறக்கிறாள். நழுவும் துணியைப் பாருங்கள். யானைத்தோலை உரித்துப் போர்த்தும் கஜசம்ஹாரர் இன்னொன்று. உடல் முறுக்கிய முறுக்கில் காலின் அடிப்பகுதி நமக்குத் தெரிகிறது. ஓரத்தில் குழந்தையோடு அஞ்சி ஒதுங்கும் உமையைப் பலர் கவனிப்பதே இல்லை.

கல்லுக்கு நேர் வெளிச்சம் எதிரி. மொபைல் ஃபிளாஷ் அடித்தால் செதுக்கலின் நிழல் அழிந்து சிலை தட்டையாகிவிடும். பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் விழும் நேரத்தில், அதாவது காலை முதல் மணி நேரத்தில், கல்லைப் பார்த்துவிட்டு உலோகத்துக்குப் போவது நல்ல வரிசை.

மறுநாள் தாராசுரம் போக முடிந்தால் போங்கள். கும்பகோணத்திலிருந்து சுமார் நான்கு கிலோமீட்டர். கலைக்கூடத்தில் பார்த்த சிற்பங்கள் எப்படிப்பட்ட கோயிலிலிருந்து வந்தவை என்று நேரில் தெரியும். சிவனின் எட்டு வீரச்செயல்களுக்கான அட்டவீரட்டத் தலங்களில் யானையுரித்த ஊரான வழுவூர் மயிலாடுதுறைக்குப் பக்கம்; அங்கே கஜசம்ஹாரர் செப்புத் திருமேனியாக இன்றும் பூஜையில் இருக்கிறார். கல்லில் பார்த்ததை அங்கே தீபாராதனையில் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஊர்க் கோயில் ஒன்றுக்கு "இங்கே பழைய நடராசர் இருக்காராமே" என்று தேடிப் போனால் பல இடங்களில் இருக்க மாட்டார். திருட்டுக்குப் பயந்து சிறு கோயில்களின் திருமேனிகள் திருவாரூர் போன்ற சிலைப் பாதுகாப்பு மையங்களில் வைக்கப்பட்டிருக்கின்றன. பயம் வீணானதும் அல்ல. திருவாரூர் மாவட்டத்துப் பத்தூர் நடராசர் லண்டன் வரை போய், நீதிமன்ற வழக்குக்குப் பிறகு 1991இல்தான் திரும்பினார்.

தொடாதீர்கள், ஏன் என்றால்

கும்பிட்ட கை தானாகப் போய்த் தொடும். நம் ஊரில் அது பக்தி. ஆனால் விரலில் உப்பும் எண்ணெய்ப் பசையும் உண்டு. உப்பிலுள்ள குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்னும். அடர்பச்சையாக, கெட்டியாகப் படிந்திருப்பது பெரும்பாலும் நிலைத்துவிட்ட களிம்பு. வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்தால் நோய். கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒருமுறை தொட்டால் போதும், சில வருடங்களில் அந்த இடம் தனியாகத் தெரியும். குழந்தைகளுக்கு "தொடாதே" என்று மட்டும் சொன்னால் நிற்காது, வேலை கொடுங்கள். எந்தச் சிலைக்கு எத்தனை கை, எத்தனை பாம்பு, யார் காலடியில் யார் என்று எண்ணச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஓடிவிடும். பிறகு அரண்மனை வளாகத்தில் வைத்திருக்கும் திமிங்கில எலும்புக்கூட்டைக் காட்டுங்கள்; அதோடு அவர்கள் கோட்டா முடிந்தது.

சரஸ்வதி மகால்

நூலகத்தின் அருங்காட்சியகம் சின்னது. முக்கால் மணி நேரம் போதும். ஓலைச்சுவடிகளை அருகில் பார்க்கலாம். எழுத்தாணியால் கீறி, பிறகு மை பூசித் துடைத்தால் கீறலில் மட்டும் கருமை தங்கும்; இப்படித்தான் ஓலை படிக்கக் கிடைக்கிறது. மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் ஒப்பிட்டு வரைந்த பிரெஞ்சு ஓவியர் சார்ல்ஸ் லெ புருனின் படங்கள் இங்கே உண்டு. சுவடிகளையும் ஐரோப்பியப் படங்களையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்த சரபோஜியின் ஆர்வம் அதில் தெரியும்.

தஞ்சாவூர் ஓவியங்களைப் பார்க்கும்போது பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்னால் நின்றால் தங்கம் மட்டும் மின்னும். பக்கவாட்டில்தான் புடைப்பு தெரியும்: பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பூச்சு கொடுத்து, பசையும் பொடியும் குழைத்த கலவையால் நகையையும் தூணையும் எழுப்பி, கல் பதித்து, தங்கத் தகடு ஒட்டி, கடைசியில் வண்ணம். கண்ணாடி ஓவியத்தில் வரிசை தலைகீழ். கண்ணாடியின் பின்புறம் வரைவதால் கண்ணிமையும் நகையும் முதலில், உடம்பு பிறகு, பின்னணி கடைசி. தப்பினால் மேலே பூசி மறைக்க வழியில்லை. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த ஓவியங்களில் கோடுகள் ஏன் இவ்வளவு திட்டமாக இருக்கின்றன என்று விளங்கும்.

இன்றைய கலை

பழையதை இப்படிப் பார்த்தவர்கள்கூட நவீன ஓவியத்தின் முன்னால் வந்ததும் "இது என்ன?" என்று கேட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மார்கழியில் வாசலில் போடும் சிக்குக் கோலத்தைப் பார்த்து "இது என்ன உருவம்?" என்று யாராவது கேட்டதுண்டா? புள்ளியைச் சுற்றிக் கோடு எப்படி வளைகிறது, எங்கே போய்ச் சேர்கிறது, பிசிறில்லாமல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். உருவமில்லாத கலையைப் பார்க்கும் பயிற்சி நம் தெருவிலேயே இருக்கிறது. அந்தக் கண்ணை எடுத்துக்கொண்டு போங்கள்.

செய்முறை எளிது. முதலில் அட்டையைப் படிக்காமல் இரண்டு நிமிடம் நில்லுங்கள். படத்தின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்திலிருந்து தொடங்கி, ஒரு கை நீளத்துக்கு அருகே வந்து, தூரிகைத் தடத்தையும் பூச்சின் கனத்தையும் பார்த்து, மறுபடி பின்வாங்குங்கள். கண் எங்கே முதலில் போகிறது, அடுத்து எங்கே இழுக்கப்படுகிறது என்று கவனியுங்கள். பிறகு அட்டை: பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம். தைலவண்ணமா, அக்ரிலிக்கா, நீர்வண்ணமா என்பது முக்கியம். நீர்வண்ணத்தில் திருத்த முடியாது, தைலவண்ணத்தில் முடியும். அச்சோவியத்தின் ஓரத்தில் 3/20 என்பது போல எழுதியிருந்தால், இருபது படிகளில் இது மூன்றாவது என்று பொருள். தலைப்பு இல்லை என்று போட்டிருந்தால் உங்களை ஏமாற்றவில்லை; கதையைத் தேடாமல் வண்ணத்தையும் கோட்டையும் பாருங்கள் என்கிறார்கள்.

மூன்று கேள்விகள் இங்கேயும் வேலை செய்யும். உற்சவர் தெருவுக்காகச் செய்யப்பட்டவர். இந்தப் படம் சுவருக்காகவும், அதன் முன்னால் தனியாக நிற்கும் உங்களுக்காகவும் செய்யப்பட்டது. இங்கே அலங்காரமில்லை, தீபமில்லை, ஓதுவார் இல்லை. நின்று பார்க்கிற பொறுமை முழுக்க நம்முடையது.

டெல்டாவுக்குள் புதிய வேலைகளைப் பார்க்கக் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரி நல்ல இடம். மாணவர்கள் படைப்புகள் எப்போது காட்சிக்கு வைக்கப்படும் என்று விசாரித்து, அனுமதி கேட்டுப் போங்கள். வகுப்பு நேரத்தில் சொல்லாமல் நுழைவது அழகல்ல. தஞ்சைக்கு வெளியே விளாரில் 2013இல் திறந்த முள்ளிவாய்க்கால் முற்றத்தில் ஈழப் போரின் கொடுமைகளைக் கல்லில் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். அதே கருங்கல், அதே உளி, முற்றிலும் வேறு துயரம். தாராசுரச் சிற்பங்களைப் பார்த்த மறுநாள் இதைப் பார்ப்பது ஒரு பாடம்.

பழையதும் புதியதும் ஒரே வளாகத்தில் வேண்டுமென்றால் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம்தான். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் போகும் உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். அருங்காட்சியகம் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்து வியாழன் இரவு ரயிலேறுகிறவர்கள் உண்டு, வேண்டாம். அங்கே செப்புத் திருமேனிக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரியையும் நாகப்பட்டினத்துப் புத்தர்களையும் பாருங்கள். நம் மண்ணில் கிடைத்தவர்கள். பிறகு அதே வளாகத்தில் நவீன ஓவியக் கூடம். இன்னும் ஒரு நாள் இருந்தால் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் தொடங்கியது. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களில் எழுத்து போலவும் ஜாதகக் கட்டம் போலவும் குறிகள் நிறைந்திருக்கும். படிக்க முயலாதீர்கள், படிக்க வராது. பழைய ஜாதக நோட்டைப் புரட்டும்போது கண் எப்படி ஓடுமோ அப்படி ஓடவிடுங்கள். சிற்பி பி.வி. ஜானகிராமின் உலோகத் தகட்டுச் சிற்பங்கள் முன்பக்கத்தை மட்டும் காட்டுபவை. சாமிக்குச் சாத்தும் கவசத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவற்றின் இலக்கணம் புதிதாக இருக்காது.

சுவாமிமலை: மூன்றாவது கேள்விக்கு

எப்படிச் செய்தார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கச் சுவாமிமலைக்குப் போங்கள். கும்பகோணத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கேட்டால் பட்டறைகளில் உள்ளே விட்டுக் காட்டுவார்கள். தென்னங்கீற்றைக் கிழித்து, சிலையின் உயரத்துக்கு அளந்து, மடித்து மடித்து அங்கங்களின் அளவைக் குறிக்கிறார்கள். சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தசதாலம் என்ற அளவு முறை, உயரம் 124 பாகம். அம்மனுக்கு மத்திம தசதாலம், 120. தேன்மெழுகு, குங்கிலியம், எண்ணெய் சேர்த்த மெழுகில் உருவத்தைச் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, மேலும் பூசி, கம்பி கட்டிச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுகிறார்கள். முதல் பூச்சு மண் மிக நயமாக இருக்க வேண்டும். பரல் இருந்தால் அது அப்படியே முகத்தில் பதியும். மண்ணில் ஈரம் மிச்சமிருந்தால் உலோகம் கொதித்துச் சீறும், சிலையில் ஓட்டை விழும். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். எனவே ஒரு மெழுகுக்கு ஒரே சிலை. ரிஷபவாகனரின் பாதத்தையும் பட்டறையில் அன்று உடைத்தெடுத்த சிலையின் பாதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இப்போது வார்த்த பிறகு உளியால் நிறையச் செதுக்கி நகாசு ஏற்றுகிறார்கள். அப்போது பெரும்பகுதி மெழுகிலேயே முடிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

வார்க்கும் நாள் எது என்று முன்பே கேட்டுப் போனால் நல்லது. தினமும் வார்க்க மாட்டார்கள். உலையருகே செருப்பில்லாமல் நிற்காதீர்கள், நைலான் துணி போடாதீர்கள்.

வாங்க விரும்பினால் புதிய சிலை என்று தெரிந்தே வாங்குங்கள், ரசீது கேளுங்கள். "நூறு வருஷத்துப் பழசு, வீட்டுல இருந்தது" என்று யாராவது தாழ்ந்த குரலில் காட்டினால் விலகிவிடுங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். பதிவில்லாமல் வைத்திருப்பது குற்றம், நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது பெருங்குற்றம். புதுச் சிலையையே வெளிநாட்டு உறவினருக்கு அனுப்புவதானாலும், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால், பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு விமானத்தைத் தவறவிட நேரும்.